கிழக்கே பார்த்த ஆண்டெனா

மலைக்கு அந்தப் பக்கம் செல்போன் டவர் எட்டாது. டி.வி.யில் படம் தெரிவதும் ரேடியோ பேசுவதும் பாறை உச்சியில் ஊர்க்காரர்களே கட்டிய ரிலே கொட்டகையின் புண்ணியம். கம்பத்தில் மூன்று ஆண்டெனா. சமவெளியிலுள்ள டவுன் ஸ்டேஷனிலிருந்து வருவதைக் கிழக்கே பார்த்தது பிடிக்கும்; மற்ற இரண்டும் மேலூருக்கும் பள்ளத்தூருக்கும் அனுப்பும். சம்பளமெல்லாம் கிடையாது. முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

கொட்டகைக்குப் பொறுப்பு செவந்தி. அவளிடம் வேலை பழக வந்த பொன்னுரங்கம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ‘வாத்தியாரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஆடிக் காற்றில் கம்பம் சாய்ந்தது. மேலூரே திரண்டு வந்து தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. பள்ளத்தூரிலிருந்து ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்று தூக்கியதில் பிசகிய தன் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பொன்னுரங்கம் கேட்டார்.

“வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம். கை கொடுக்காதவனுக்கு நாம ஏன் அனுப்பணும்?”

“யாரச் சொல்றீங்கண்ணே?”

“பள்ளத்தூரத்தான்.”

“ஊரையா, அங்க இருக்கிற உங்க தம்பியையா?”

“ரெண்டும் ஒண்ணுதான். அவன் பொண்டாட்டி படுத்த படுக்கையா கெடக்கா. அவளுக்குப் பேச்சுத் துணையே ரேடியோதான். அவளுக்காகவாவது வந்திருக்க வேணாமா அந்தப் பய?”

செவந்தி ஸ்பானரை நீட்டினாள். “திருப்பிடுங்க.”

“நெசமாவா?”

“தோள் உங்களோடது. கோவமும் உங்களோடது.”

வலியோடு ஏறினார். பள்ளத்தூரைப் பார்த்திருந்த ஆண்டெனாவைக் காட்டுப் பக்கம் திருப்பி நட்டை இறுக்கிவிட்டு இறங்கினார்.

“இனிமே காட்டுப்பன்னி கேக்கட்டும் செய்தி!” என்று சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

செவந்தி ஸ்பானரை வாங்கிக்கொண்டு தானும் ஏறினாள். கிழக்கே பார்த்த ஆண்டெனாவின் நட்டில் ஸ்பானரை மாட்டி ஒரு சுற்றுத் தளர்த்தினாள். காற்றில் அது லேசாக ஆடியது.

“ஏய், ஏய்! அதுலதானே நமக்கே வருது? அதக் கழட்டினா மேலூருக்கும் ஒண்ணும் வராதே!”

“தெரியும்ணே. அந்த டவுன் ஸ்டேஷன்ல கம்பம் சாஞ்சப்போ நீங்க தூக்கிவிடப் போனீங்களா?”

“நான் எதுக்குப் போறேன்? அவங்க யாரோ, நாம யாரோ. இங்க உக்காந்து நாம கேக்குறதே அவங்களுக்குத் தெரியாது.”

“ம்.”

ஸ்பானர் நட்டைக் கவ்வியபடியே இருந்தது. பொன்னுரங்கம் கிழக்கே பார்த்தார்; மஞ்சு மூடிக் கிடந்தது. பள்ளத்தூர்ப் பக்கம் பார்த்தார். தம்பி வீட்டு ஓட்டின் மேல் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

“எறங்கு தாயி” என்றார். குரலில் கிண்டல் இல்லை.

“எறங்குறேன். கழட்டிட்டா, இறுக்கிட்டா? சீக்கிரம் சொல்லுங்கண்ணே, கை கடுக்குது.”