கால்வாய் தொடாத குட்டை

அமெரிக்காவில் ஒரு காடு. அங்கே ஒரு சின்ன ஓடை. ஓடையின் மேல்பக்கத்தில் பீவர்கள் இருந்தன. பல்லாலேயே மரத்தை அறுத்து, காலாலேயே மண்ணைத் தோண்டும் விலங்குகள் அவை. அவற்றுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. ஓடையின் கடைசியில், ஒரு குட்டையில், ஓர் ஆமை இருந்தது. அதற்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. குட்டையில் தவளைகள் இருந்தன. அவை ஓயாமல் கத்தும், ஆமை கேட்டுக்கொண்டிருக்கும். அதுவே அதற்குப் போதுமாயிருந்தது.

ஒரு கோடையில் கிழக்குப் பக்கத்து ஏரி வற்றியது. மான்களும் வாத்துகளும் தவித்தன. ஓடையிலிருந்து ஏரிக்குக் கால்வாய் வெட்டித் தருவதாகப் பீவர்கள் முன்வந்தன. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் வழியில் நரியின் வளை இருந்தது. தன் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று நரி அடம்பிடித்தது.

வழக்கு கரடியிடம் போனது. அந்தக் காட்டில் தீர்ப்புச் சொல்வது கரடிதான். அதுவரை, அவரவர் இடம் அவரவருக்கு என்பதே சட்டம். கரடி வெகுநேரம் யோசித்துப் புதுச் சட்டம் ஒன்று சொன்னது. எல்லோருடைய நன்மைக்காக ஒருவரின் இடத்தைக் கால்வாய்க்கு எடுக்கலாம். எடுத்த இடத்துக்கு மாற்று இடம் கொடுத்துவிட வேண்டும். நரி ஆயிற்றே, ஒரு வளைக்கு இரண்டு வளை கேட்டு வாங்கிக்கொண்டது.

கால்வாய் ஓடியது. ஏரி நிரம்பியது. காடே கொண்டாடியது. ஓடையின் கடைசிக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. ஆமையின் குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. தவளைகள் ஒவ்வொன்றாக ஏரிக்குப் போய்விட்டன. கடைசித் தவளை "நீயும் வாயேன்" என்று ஒப்புக்குக் கூப்பிட்டது. ஆமையின் நடைக்காக அது காத்திருக்கவில்லை.

ஆமை மூன்று நாள் நடந்து, ஏரிக்கரையில் இருந்த கரடியிடம் முறையிட்டது.

"கால்வாய் உன் இடத்தில் வருகிறதா?" என்று கேட்டது கரடி.

"இல்லை, ஐயா."

"உன் கரையில் ஒரு பிடி மண்ணாவது எடுத்தார்களா?"

"இல்லை, ஐயா. தண்ணீர்தான் போய்விட்டது."

"எடுத்த இடத்துக்குத்தான் ஈடு. உன் இடத்தை யாரும் எடுக்கவில்லையே!"

சட்டப்படி சரிதான். ஆமை கரையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தது. மான்கள் பேசவில்லை. தவளைகள்கூடப் பேசவில்லை. எல்லோர் வாயிலும் அதன் தண்ணீர் இருந்தது. இவர்களோடு இருப்பதைவிடத் தனியாக இருப்பதே மேல் என்று நினைத்து, ஆமை வந்த வழியே திரும்பிப் போனது.

இலையுதிர்காலத்தில் கரடி தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது. குட்டையின் மண் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆமை உட்கார்ந்திருந்தது.

"இன்னும் இங்கேயா இருக்கிறாய்?" என்றது கரடி.

"நீங்கள் சொன்னது சரிதான், ஐயா. என் இடத்தை யாரும் தொடவில்லை. தண்ணீரும் தொடுவதில்லை. உங்களைத் தவிர இந்தப் பக்கம் யாரும் வந்ததுமில்லை" என்றது ஆமை.

கரடிக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே சட்டத்தைத் திருத்தியது. இடத்தை எடுத்தால் மட்டுமல்ல, எடுக்காமலே கெடுத்தாலும் ஈடு தரவேண்டும் என்றது. பீவர்கள் கால்வாயில் மடை வைத்து, பாதித் தண்ணீரை ஓடைக்கு விட்டன.

குட்டை நிரம்பியது. ஆமை ஒரு சுற்று நீந்திப் பார்த்தது. பிறகு தலையை வெளியே நீட்டிக் காத்திருந்தது. ஒரு தவளையின் சத்தமும் கேட்கவில்லை. பெரிய ஏரி பழகிவிட்ட பிறகு அவை ஏன் திரும்பி வரப்போகின்றன?

எல்லோருடைய நன்மைக்காக ஒருவரிடம் எதை எடுத்தோம் என்று பார்த்தால் போதாது, அதனால் யார் எதை இழந்தார் என்று அப்போதே பார்ப்பதுதான் நீதி.