பாவடிக்கு வந்த மேகம்

ஒரு காலத்தில், தன்னைப் பிடிக்காதவர்கள் எங்கேயுமே இல்லை என்று நம்பிய மேகம் ஒன்று இருந்தது. அதையும் குறை சொல்ல முடியாது. போன ஊரிலெல்லாம் உழவர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஒருநாள் காலை அது ஒரு நெசவாளர் ஊருக்கு வந்தது. ஊருக்கு நடுவே பாவடி. தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீளமாக விரித்துக் காயவைக்கும் பொட்டல். அங்கே சென்னியப்பனும் அவன் மனைவி அங்காத்தாளும் பாவு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி முடித்திருந்தார்கள்.

மேகம் நிழலைப் பரப்பிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

"ஏனுங்க, வந்துருச்சுங்க சனியன்!" என்று கத்தினாள் அங்காத்தாள்.

மேகத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னையா சொல்கிறாள்?" என்று கீழே கிடந்த பாவு நூலைக் கேட்டது.

"மேல வேற யாரு இருக்கா?" என்றது பாவு. "கோவிச்சுக்காதீங்க. எம் மேல பூசின கஞ்சி இன்னும் காயல. நீங்க நாலு சொட்டு போட்டாலும் கழுவிட்டுப் போயிரும். அப்புறம் தறியில ஏத்துனா இழை பட்டுபட்டுன்னு அறும். இவங்க ரெண்டு பேரும் பத்து நாள் பட்ட பாடு வீணாயிரும்."

"பக்கத்து ஊரில் எனக்குப் பொங்கலே வைத்தார்கள், தெரியுமா?"

"அங்க நெல்லு, இங்க நூலு. கொஞ்சம் பொறுங்க. பொறுக்கறதுதான் பொறுக்கறீங்க, அப்படியே தள்ளி நின்னீங்கன்னா வெயிலும் வரும்."

இப்படி யாரும் அதனிடம் பேசியதில்லை. ஆனாலும், அங்காத்தாள் நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் தவிப்பைக் கண்டதும் மேகம் மெல்ல ஒதுங்கியது.

ஒதுங்கினால் போதுமா? அடக்க வேண்டுமே! வயிறு கனத்தது. வாய்வரை வந்த இடியை விழுங்கியது.

"ஏன் இப்படி நெளிகிறாய்?" என்று கேட்டது காற்று.

"வாயை மூடிக்கொண்டு போய் அந்த நூலை விசிறு!"

காற்று விசிறியது. வெயில் அடித்தது. கஞ்சி காய்ந்து, நூல் விறைப்பாக நின்றது. இருவரும் பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

வெளியே வந்த சென்னியப்பன், இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தான்.

"பாரு புள்ள, கெணத்துல தண்ணி இல்லாம கெடக்கறோம். காலையில இருந்து சும்மாதான நிக்குது. ஒரு சொட்டு போட மனசு வருதா அதுக்கு?"

மேகத்துக்கு வந்ததே ஒரு சிரிப்பு! அதற்குமேல் அதனால் அடக்க முடியவில்லை.