நாற்சந்தியில் முட்டையிட்ட ஆட்காட்டி

விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டும், நம்மைப் போலவே சண்டை போட்டுக்கொண்டும் இருந்த காலம் அது. ஒரு காட்டின் நடுவில் நான்கு தடங்கள் வந்து கூடும் பொட்டல் ஒன்று இருந்தது. யானைக்கு ஆறு அந்தப் பக்கம், எருமைக்குச் சேறு இந்தப் பக்கம். மானுக்குப் புல் வடக்கே, காட்டுப்பன்றிக்குக் கிழங்கு தெற்கே. யாருக்கு எது வேண்டுமானாலும் அந்தப் பொட்டலைக் கடந்துதான் போக வேண்டும்.

கடப்பதுதான் பெரும்பாடு. "நான்தான் பெரியவ, நான்தான் மொதல்ல" என்பது யானை. "நாங்கதான் கூட்டம் அதிகம்" என்பது எருமை. விடிந்தால் நான்கு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் மட்டும் யாரும் யாரையும் கால் வைக்க விடமாட்டார்கள்.

இதை ஓர் ஆட்காட்டிப் பறவை தினமும் பார்த்தது. அதற்கு மரத்தில் கூடு கட்டிப் பழக்கமில்லை, தரையில்தான் பிழைப்பு. முட்டையிட இடம் தேடி அலைந்துகொண்டிருந்தது. 'இந்தக் காட்டிலேயே யாரும் மிதிக்காத இடம் இதுதான்' என்று முடிவுகட்டி, பொட்டலின் நட்டநடுவில் சின்னக் கற்களை வட்டமாகச் சேர்த்து அதற்குள் முட்டையிட்டுவிட்டது. அதன் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! அடுத்தவர் சண்டை ஓயவே ஓயாது என்று நம்பிக் குடித்தனம் தொடங்கியது அது ஒன்றுதான்.

கோடை முற்றியது. ஒருநாள் யானையின் குட்டி தாகம் தாங்காமல் தடத்திலேயே படுத்துவிட்டது. தாய்க்குப் பொறுமை போயிற்று. குட்டியைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தி, "இனி எவன் குறுக்க நின்னாலும் மிதிச்சிட்டுத்தான் போவேன்" என்று பிளிறிக்கொண்டு பொட்டலுக்குள் இறங்கியது.

ஆட்காட்டி பறந்து தப்பியிருக்கலாம். தப்பவில்லை. இறக்கையை விரித்து யானையின் காலுக்கு முன்னால் நின்று கத்தியது.

"நில்லுக்கா! என் முட்டை! என் புள்ளைங்கக்கா!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. "எம்புள்ள இங்க தொண்டை காஞ்சு நிக்குது. நான் வேற எப்படிப் போறது?"

"சுத்திப் போக்கா. கொஞ்சம்தான் கூட நடக்கணும்."

யானை சுற்றியது. அதைப் பார்த்து எதிரே நின்ற எருமையும் சுற்றியது. ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக வந்து முகத்தோடு முகம் இடித்துக்கொண்டன. பழைய சண்டை திரும்பவும் கிளம்பப் பார்த்தது.

"எல்லாரும் ஒரே மாதிரி சுத்துங்க!" என்று அலறியது ஆட்காட்டி. "உங்க வலது கண்ணால என் முட்டையப் பாத்துக்கிட்டே நடங்க, போதும்!"

அட, எருமை திரும்பிக்கொண்டது, கூட்டம் நகர்ந்தது! நகர்ந்ததைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. மான்கூட்டம் திபுதிபுவென்று உள்ளே நுழைந்து, வெளியேற வேண்டிய யானையை அடைத்துக்கொண்டது. வட்டம் இறுகிப்போனது. குட்டி மறுபடியும் தள்ளாடியது.

ஆட்காட்டி மான்களின் மூக்குக்கு நேராகப் பாய்ந்தது. "உள்ள இருக்கறவங்க மொதல்ல வெளிய போகட்டும்! புதுசா வர்றவங்க வாசல்ல நில்லுங்க, இடம் விட்டதும் வாங்க!"

மான்கள் பின்வாங்கின. யானை குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியேறி ஆற்றில் இறங்கியது. குட்டி குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆட்காட்டிக்கே கண் கலங்கியது.

திரும்பி வந்த யானை கேட்டது: "உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லு."

"காட்டுப்பன்றிதான்க்கா பயம். அவன் தலை தெறிக்க நேரா ஓடி வருவான். நான் கத்துறது காதுல விழறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

யானை ஒவ்வொரு தடத்தின் வாசலிலும் ஒரு பாறையை உருட்டி வைத்தது. இனி நேராக ஓடி உள்ளே வர முடியாது, வாசலிலேயே இடப்பக்கம் வளைந்தாக வேண்டும். வளைந்தால் வேகம் தானாகக் குறையும்.

மறுநாள் பன்றி வந்தது. "எங்க வம்சமே நேராத்தான் ஓடும்!" என்று கத்திக்கொண்டே வந்து, போட்டது பாருங்கள் ஒரு மோதல்! பாறை அசையவில்லை. பன்றி எழுந்து, தட்டையாகிப்போன மூக்கைத் தடவிக்கொண்டு, மெல்ல வளைந்து, வலது கண்ணால் முட்டையைப் பார்த்தபடி நல்ல பிள்ளையாகச் சுற்றிப்போனது. காடே சிரித்தது.

முட்டைகள் பொரிந்தன. பொரிந்த அன்றே குஞ்சுகள் கற்களைத் தாண்டி ஓடி வந்து நின்றன. யானை பிளிறியது. எருமையும் மானும் பன்றியும் வேலை எதுவும் இல்லாமலே, சந்தோஷத்துக்காக மட்டும், அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒருவரையொருவர் ஒரு தடவைகூட இடித்துக்கொள்ளவில்லை!

பிற்பாடு மனிதர்கள் அந்தத் தடங்களின் மேல்தான் சாலை போட்டார்கள். ஆட்காட்டி இன்றும் வெட்டவெளியில் கற்களுக்கு நடுவே முட்டையிட்டு, யார் நெருங்கினாலும் ஊர் கேட்கக் கத்துகிறது. பன்றியின் மூக்கு நிமிரவே இல்லை. ஒரு கைப்பிடிப் பறவை ஒரு யானையை நிறுத்திய அந்தக் கோடையிலிருந்துதான், எவ்வளவு பெரிய லாரியானாலும் ரவுண்டானாவின் வாசலில் வேகம் குறைத்து, உள்ளே இருப்பவருக்கு வழிவிட்டு, நடுவட்டத்தை வலப்பக்கம் வைத்துச் சுற்றிப் போகிறது.