பேட்டரி இறங்கிய முகூர்த்தம்

கோட்டைவிட்டான்பட்டிக்காரர்கள் யார் சொல்லையும் தட்டமாட்டார்கள். சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு இதுவரை வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் சுடலைமணிக்கு முப்பத்தாறாவது வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பதினொரு வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பியவன். பன்னிரண்டாவது வீட்டில் பிரமசக்தி சரி என்றாள். டவுனில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவள். "ஆளு கொஞ்சம் மந்தம்தான். ஆனா சொன்னதைக் கேப்பாரு போலிருக்கு" என்று அவள் தங்கச்சியிடம் சொன்னாளாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள். காலையில் எட்டு மணிக்கே மாப்பிள்ளைக் கார் கிளம்பிவிட்டது. கார் தாய்மாமன் ஆவுடையப்பனுடையது. அவரே ஓட்டினார். தாலி அவர் மடியில் இருந்தது. முன்சீட்டில் அக்கா புருஷன் கொம்பையா. பின்னால் மாப்பிள்ளைக்குத் துணையாகச் சேக்காளி உலகு. ஐந்தாவது வரை இங்கிலீஷ் படித்தவன். வீட்டுப் பெண்கள் முன்னாலேயே வேன் பிடித்துப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அந்தக் காரையும் தெரியும், இந்த ஆட்களையும் தெரியும்.

கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமா, என்னமோ எரியுதே" என்றான் சுடலைமணி.

"நல்ல காரியத்துக்குப் போறோம், தானா விளக்கு எரியுது. இதைவிட என்னலே சகுனம் வேணும்?" என்றார் ஆவுடையப்பன்.

கொம்பையா உடனே விளக்குக்கு மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டான். சுடலைமணி கன்னத்தில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. அப்புறம் அதுவும் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத கரிசல் காட்டு நடுவில் கார் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றே போனது.

இந்தப் பெண்ணும் போனால் பதின்மூன்றாவது பஜ்ஜிக்குச் சுடலைமணியிடம் தெம்பில்லை. பிரமசக்திக்கே போன் போட்டான்.

"உள்ள சிவப்பு லைட் எரிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள்.

"எரிஞ்சுது. பொட்டு வச்சிருக்கோம்."

"அப்ப சார்ஜ் ஏறல. பேட்டரி எறங்கிருச்சு" என்றாள். அதோடு சிக்னல் போய்விட்டது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்க எறங்கிருக்கும்?" என்றார் ஆவுடையப்பன்.

"டீ குடிக்க நிப்பாட்டினோம்லா, அங்கதான். நான் அப்பவே கதவுச் சத்தம் கேட்டேன்" என்றான் உலகு.

டீக்கடைவரை கொம்பையா திரும்பி ஓடினான். அவன் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சுடலைமணிக்கு பானெட்டைத் திறந்து பார்க்கத் தோன்றியது. பேட்டரி தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"எறங்கினது மறுபடி ஏறிட்டு மாமா!"

"கல்யாணச் சாப்பாடுன்னா சும்மாவா?" என்றார் மாமா.

அரை மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்த கொம்பையா, டீக்கடைக்காரர் தான் யாரையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ததாகச் சொன்னான்.

மறுபடி போன்.

"பெல்ட் லூசா இருக்கான்னு பாருங்க. இருந்தா டைட் பண்ணுங்க" என்றாள்.

பார்த்தார்கள். சுடலைமணியின் பட்டுவேட்டி மேல் கட்டியிருந்த பச்சைப் பெல்ட் உண்மையிலேயே லூசுதான். இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டான். மாமா தன்னுடையதை நாலு ஓட்டை இறுக்கினார்; அதற்குமேல் அவர் பேசியதெல்லாம் கீச்சுக்குரலில்தான். கொம்பையாவுக்குப் பெல்ட் கிடையாது. மாலை கட்டிவந்த வாழைநாரால் அவனை உலகு முழங்கால் கொடுத்துக் கட்டினான்.

"டைட் பண்ணியாச்சு. எங்களுக்குத்தான் மூச்சு முட்டுது, வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றான் சுடலைமணி.

"உங்க பெல்ட்டா? ஐயோ, வண்டி பெல்ட்டுங்க!"

அதுவும் நியாயம்தான் என்று நாலு பேரும் காரில் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நேராக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார்கள். கார் அசையவில்லை.

மூன்றாவது தடவை அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. "எர்த்தாவது ஒழுங்கா இருக்கா?"

"எர்த்துன்னா பூமி" என்றான் உலகு, படித்தவன்.

ஆவுடையப்பன் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டுப் பார்த்தார். போனை வாங்கி, "எர்த்து அருமையா இருக்கு தாயி. ரெண்டு மழை பெஞ்சா பருத்தி போடலாம்" என்றார்.

"ஒண்ணும் பாக்க வேண்டாம் பெரியப்பா. தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க, போதும்."

சாவியை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள். மாமா காரை நோக்கிச் சாவியை நீட்டித் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னும் தள்ளணுமோ?"

"எவ்வளவு தள்ளணும்னு சொல்லலியே" என்று சுடலைமணி கவலைப்பட்டான்.

தள்ளித் தள்ளி அவர்கள் ஒரு பர்லாங்குக்கு அப்பால் கருவேலமரத்தடியில் நின்று திருகிக்கொண்டிருந்தபோது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. கூரைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையில் ஸ்பானரோடு மணப்பெண் இறங்கினாள். சுடலைமணி வெட்கப்பட்டுத் தலைகுனிந்தான்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்களே என்று பயந்திருக்கலாம். சாவியை வாங்கினாள். இன்ஜினுக்குள் தொங்கிய கறுப்புப் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். 'வண்டியும் உள்ளே பெல்ட் போட்டிருக்கிறது, என்ன மரியாதை!' என்று சுடலைமணி மனம் நெகிழ்ந்தான். கொண்டுவந்த பேட்டரியிலிருந்து வயர் மாட்டி முடுக்கினாள். கார் உறுமியது.

"நேரா மண்டபத்துக்கு வாங்க பெரியப்பா. பேட்டரி ஏறுற வரைக்கும் வண்டிய மட்டும் நிப்பாட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் பறந்தாள்.

பதினொன்றேகாலுக்கு மாப்பிள்ளைக் கார் மண்டபத்து வாசலுக்கு வந்தது. நாயனக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக நாயனத்தை வாயில் வைத்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் வந்தார்கள். கார் அவர்களைக் கடந்து, மண்டபத்தைச் சுற்றி, மறுபடி வாசலுக்கு வந்து, மறுபடி கடந்தது.

"நிப்பாட்டுங்க!" என்று பெண்ணின் அப்பா கூடவே ஓடினார்.

"உங்க மகதான் நிப்பாட்டக் கூடாதுன்னுட்டா!" என்று கீச்சினார் மாமா.

ஏழு சுற்று ஆயிற்று. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரமசக்தி வாசலில் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். எட்டாவது சுற்றில் சுடலைமணி ஜன்னல் வழியே இடுப்பு வரை வெளியே வந்து ஒரு முடிச்சுப் போட்டான். ஒன்பதாவதில் இரண்டாவது. பத்தாவதில் நாத்தனார் முடிச்சு. அதை அவன் அக்கா ஓடிக்கொண்டே போட்டாள். அட்சதை பாதி காருக்குள் விழுந்தது.

"முடிஞ்சுதுலே! இனி ஊரைப் பாத்து விடுவோம்" என்று மாமா மெயின் ரோட்டில் திருப்பினார்.

சுடலைமணிக்குக் கண் கலங்கியது. தனக்கும் ஒரு கல்யாணம்! இரண்டு மைல் போன பிறகுதான் மெதுவாகக் கேட்டான்: "மாமா, பொண்ணு ஏறலியே?"

"அவசரப்படாதலே. முதல்ல பேட்டரி ஏறட்டும்" என்றார் மாமா.

அதுவும் சரிதான் என்று பட்டது. மாலையைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கு இடம் விட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான்.