ஆவுடையப்பன் வாத்தியாருக்குக் கிடைத்த வார்த்தை

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் கோமதி அம்மாளின் மடம் இருந்தது. அங்கே வந்து நாற்பத்தெட்டு நாள் தங்குகிறவருக்கு அம்மாள் ஒரு சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுப்பாள். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் தியானத்தில் உட்கார வேண்டும். மடத்தில் அதுதான் தீட்சை.

அம்மாளுக்கு வயது நாற்பத்து மூன்று. சீட்டுக்குக் காத்திருந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. கோயில் கோயிலாகப் போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தார். இதுவும் கைகொடுக்காவிட்டால் போக வேறு இடமில்லை.

மடத்திலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரசம் டல். விளக்கு டல். காய் நறுக்கும் கத்தி டல். பக்கத்துப் பாயில் படுக்கும் வானமாமலை சுத்த டல். பொழுது விடிந்ததிலிருந்து அடைவது வரை மனிதர் இந்த ஒரு சொல்லை வைத்தே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் சீட்டு வந்தது. வானமாமலையின் சீட்டில் ‘ஊற்று’ என்று இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் அழுதேவிட்டார். ஆவுடையப்பன் தன் சீட்டைப் பிரித்தார்.

‘டல்’ என்று எழுதியிருந்தது.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. முகம் ஜிவ்வென்று சூடேறியது. இட்லி இறங்கவில்லை. பையில் துணிகளை எடுத்து வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடியும் வைத்தார். கிணற்றை நாலைந்து தரம் சுற்றி வந்தார். கடைசியில் நேரே அம்மாளிடம் போனார். அவள் பனை மட்டையால் சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சீட்டு ஏதும் மாறிப்போச்சா?”

“மாறலையே சார். உங்களுக்குத்தான்.”

“என்னைப் பாத்தா டல்லாவா தெரியுது?”

“நான் என்னத்தக் கண்டேன்? உங்க வாயில அதிகமா வர்ற வார்த்தைய எழுதினேன்.”

“எந்த அர்த்தத்துல எழுதினீங்க? அதச் சொல்லுங்க.”

“எத்தன அர்த்தம் இருக்கு?”

கேள்வி என்று வந்ததும் வாத்தியார் விழித்துக்கொண்டார். கைகள் தானாகப் பின்னால் கட்டிக்கொண்டன.

“கத்திக்குச் சொன்னா மழுங்கினதுன்னு அர்த்தம். வானத்துக்குச் சொன்னா மூட்டம். கலருக்குச் சொன்னா வெளுத்துப்போனது. வியாபாரத்துக்குச் சொன்னா ஈ ஓட்டுறது. வலிக்கும் சொல்லலாம். சுருக்குன்னு குத்தாம, உள்ளுக்குள்ளயே கெடந்து வலிக்குமே, அந்த வலி.”

“அடேங்கப்பா! இதுல உங்களுக்கு எது வேணும்?”

ஆவுடையப்பன் யோசித்தார். “மூட்டம்னு வச்சுக்கலாம். மூட்டம்னா கலைஞ்சிரும்.” சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விட மனசில்லை.

“வச்சுக்கோங்க. ஆளுக்குச் சொன்னா என்ன அர்த்தம்?”

“ஆளுக்கா? மக்குன்னு அர்த்தம். படிக்கிற பிள்ளைகளுக்கு ராங்க் கார்டுல எழுதுவோம்.”

“நீங்க எழுதும்போது எந்த அர்த்தத்துல எழுதுவீங்க?”

“அர்த்தம் எங்கம்மா பாத்தோம்? அறுபது கார்டு. பெல் அடிக்கதுக்குள்ள முடிக்கணும்.”

சொல்லி முடித்ததும் அவருடைய சுருதி இறங்கிவிட்டது. அம்மாள் திரும்பிப் பார்க்காமல் சுவரில் மட்டையை இழுத்தாள். அவள் கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார்.

“ஒரு பையனோட அப்பா வந்தாரும்மா. கல் குவாரியில வேலை. கையெல்லாம் வெள்ளத் தூசி. படிக்கத் தெரியாதவரு. கார்ட நீட்டி, ‘என்ன போட்டிருக்கு சார்?’னு கேட்டாரு. மக்குன்னு போட்டிருக்குன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்’னாரு. கும்பிட்டுட்டுப் போனாரு. மறுநாள்லருந்து பையன் வரல. அப்பாகூடவே கல்லு உடைக்கப் போயிட்டாம்னு சொன்னாவ.”

அம்மாள் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கி எடுத்தாள். ஆவுடையப்பன் சீட்டை நீட்டிக்கொண்டே நின்றார்.

“அம்மா, இந்த வார்த்தையோட ஒரு வருஷம் என்னால இருக்க முடியாது. ஒரு நாள்கூட முடியாது. வேற எழுதிக் குடுங்க.”

“எழுதித் தாரேன் சார். அந்தப் பையன் பேரு என்ன?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். அந்த அப்பாவின் கைத்தூசி நினைவிருந்தது. கார்டை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த விதம் நினைவிருந்தது. பையன் உட்கார்ந்திருந்த பெஞ்சுகூட நினைவிருந்தது. பேர் வரவில்லை.