சபைக்கு வர மறுத்த காற்று

முன்னொரு காலத்தில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவை மகரபூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாக எதையாவது பார்த்துவிட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் தூரதேசத்து வணிகன் ஒருவன் கப்பலிலிருந்து ஒரு பெரிய சக்கரத்தை இறக்கினான். அதன் கைகளில் பாய்த்துணி கட்டியிருந்தது. காற்றுப் பட்டால் தானாகவே சுற்றித் தண்ணீர் இறைக்குமாம்!

"இதை எங்கே நடலாம்?" என்று அரசர் சபையைக் கேட்டார்.

பிரதானி விருப்பாட்சர் முந்திக்கொண்டார். "அரண்மனைக்குப் பக்கத்திலேயே அடியேனின் தென்னந்தோப்பு இருக்கிறது, பிரபு. அங்கே நட்டால் தாங்கள் உப்பரிகையில் நின்றபடியே கண்டு களிக்கலாம்." தோப்புக்குச் செலவில்லாமல் தண்ணீர் பாயும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சபையில் விகடம் பேசும் ஆவுடையானுக்கு வாய் சும்மா இருக்குமா? "அரசே, அந்தத் தோப்பில் கொசுகூட நிம்மதியாகத் தூங்குகிறது. காற்று அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை" என்றான்.

பிரதானியின் முகம் கறுத்தது. ஆவுடையான் வாங்கும் பரிசுகளைப் பார்த்து அவருக்கு வெகு நாளாகவே வயிற்றெரிச்சல். "காற்று போகும் இடமெல்லாம் இவருக்குத் தெரியும்போலிருக்கிறது. அப்படியானால் தீவிலேயே பெரிய காற்றைச் சபைக்குக் கொண்டுவந்து காட்டட்டுமே!" என்றார்.

அரசருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "நாமும் காற்றைக் கண்ணால் கண்டதில்லை. ஆவுடையா, பௌர்ணமிக்குள் அதைச் சபைக்குக் கொண்டுவா. தவறினால் சக்கரம் பிரதானியின் தோப்புக்குத்தான். காற்று வராத வேளையெல்லாம் அதை நீயே கையால் சுற்றவேண்டும். ஆயுள் முழுவதும்!"

வீட்டில் மனைவி கோமளவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "கொசு தூங்கினா உமக்கென்ன, முழிச்சிருந்தா உமக்கென்ன? இனிமே அந்தத் தோப்புக்கு உம்ம கைதான் காத்து!"

ஆவுடையானுக்கும் உள்ளூர நடுக்கம்தான். இருந்தாலும் இந்தக் காற்று எங்கேதான் குடியிருக்கிறது என்று பார்த்துவிடும் ஆசை அந்த நடுக்கத்தையும் மிஞ்சியது. மனைவியின் பழம்புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக் கோலில் கட்டிக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பினான். அரண்மனை மேட்டில் காற்று மதிலில் முட்டித் திரும்ப, துணி எந்தப் பக்கம் பறப்பதென்று தெரியாமல் தவித்தது. தோப்பில் உச்சி மட்டைகள் சலசலத்தன. கீழே துணி தொங்கியது தொங்கியபடியே இருந்தது. தென்மேற்கு முனையில்தான் அது படபடவென்று விறைத்து நின்றது. அங்கே உப்பளத்துக்காரர்கள் ஏற்றம் மிதித்துக் கடல்நீரைப் பாத்திகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற முள் நிறைந்த உடைமரங்கள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஆவுடையான் தலையைச் சாய்த்துப் பார்த்தான், மரங்கள் நேராகத் தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தான், மறுபடியும் சாய்ந்துவிட்டன. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பௌர்ணமியன்று வெறுங்கையோடு சபைக்கு வந்தான்.

"காற்று எங்கே?" என்றார் அரசர்.

"கூப்பிட்டேன், அரசே. இந்த வாசலில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய உடம்பு அதற்கு. தாங்கள் எங்கே ஆசனமிட்டு அமர்கிறீர்களோ அதுவே சபை என்பது இந்த நாட்டு வழக்கம் அல்லவா? மதம் பிடித்த யானையின் வழக்கைக் குளக்கரையில் அமர்ந்து விசாரித்தீர்களே! இதற்கும் அந்தத் தயவு காட்டவேண்டும்."

வழக்கத்தை மீற முடியுமா? சிம்மாசனம் பல்லக்கில் ஏறித் தென்மேற்கு முனைக்குப் போனது. அரசர் அமர்ந்த மாத்திரத்தில் வெண்குடை தன்னைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு ஓடியது. தலைப்பாகைகள் உப்பளத்தில் உருண்டன. பிரதானியின் பட்டுச் சால்வை கடலுக்கே போய்விட்டது.

"காற்று சபைக்கு வந்துவிட்டது, அரசே" என்றான் ஆவுடையான்.

பிரதானி விடவில்லை. "இன்றைக்கு வீசுகிறது, பிரபு. நாளைக்கே நின்றுவிட்டால்? ஒரு நாள் காற்றை நம்பிச் சக்கரத்தை நடலாமா?"

அரசர் யோசித்தார். கேள்வி நியாயமானதுதான். ஆவுடையானுக்குத் தோள் இப்போதே வலிப்பதுபோல் இருந்தது.

"அந்த மரங்களைப் பாருங்கள், அரசே. ஒரு நாள் காற்று மரத்தை அசைக்கும், வளைக்காது. வருடக்கணக்காக ஒரே பக்கமிருந்து வீசினால்தான் இப்படி முதுகு வளையும்."

"பிறவியிலேயே கோணல் மரங்களாக இருக்கும்!" என்றார் பிரதானி.

"அப்படியானால் பிரதானியாரையே பாருங்கள். வேலைக்கு வந்த புதிதில் பனைமரம்போல் நின்றவர். இன்று தூங்கும்போதுகூட முதுகு நிமிர்வதில்லையாம். பிறவிக் கோணலா அது? தினமும் ஒரே பக்கம் பார்த்துக் குனிந்ததால் வந்ததல்லவா?"

அரசர் திரும்பிப் பார்த்தார். அரசர் பார்க்கிறாரே என்று பிரதானி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அடடா! இவரை இப்படி வளைத்த காற்று நாம்தானா?" என்று கேட்டுவிட்டு அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏற்றத்தின் மேல் நின்ற உப்பளத்துக்காரர்களும் சிரித்தார்கள்.

சக்கரம் அங்கேயே நடப்பட்டது. பாய்த்துணிகள் புடைத்துக்கொண்டு சுற்ற, கடல்நீர் பாத்திகளில் தானாகப் பாய்ந்தது. ஏற்றம் மிதித்தவர்கள் கீழே இறங்கி நம்பமுடியாமல் பார்த்து நின்றார்கள்.

மகிழ்ந்துபோன அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானிடம் நீட்டினார். அவன் குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டான். மறுகணமே விறுக்கென்று நிமிர்ந்து, இரண்டு கையாலும் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.