இருபது சாக்கு

"அம்மா, ஏன் இப்படிக் கசக்குது?"

மூர்த்தி தட்டை நீட்டினார்.

தட்டில் குட்டிக்கோஸ் பொரியல். முட்டைக்கோஸ் மாதிரியேதான், ஆனால் நெல்லிக்காய் அளவு. ஒரே தண்டில் மேலிருந்து கீழ்வரை நாற்பது, ஐம்பது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆடியில் விதை போட்டு, ஐந்து மாதம் கண்ணுக்குள் வைத்து வளர்த்திருந்தார்.

குமுதவல்லி அம்மா ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"ஆமா, கசக்குது."

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

"அதுக்கு இன்னும் ஒண்ணுமே நடக்கலையே" என்றார் அம்மா. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு பதிலா? மூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவின் தியானக் குடில் நீலகிரியில் ஒரு பள்ளத்தில் இருந்தது. அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது, மூர்த்திக்கு அறுபத்தொன்று. சின்னவர் குரு, பெரியவர் சீடர். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பி பிடித்த மனுஷன் அவர். கூட வேலை பார்த்த இரண்டு பேரைக் கம்பத்திலிருந்து உயிரில்லாமல் இறக்கியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பயம் விடவேயில்லை. அதைத் தொலைக்கத்தான் மலையேறி வந்தார். அதுவும் கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது.

ஊரில் இருந்தபோது, மகள் செண்பகா வேலைக்குப் போனால் பின்னாலேயே ஸ்கூட்டரில் போவார். ஆபீஸுக்கு நாளைக்குப் பத்து போன். "சாப்பிட்டியா? ஏன் எடுக்கல? என்னாச்சு?"

ஒருநாள் அவள், "மூச்சு முட்டுதுப்பா" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். ஆயிற்று, இரண்டு வருடம்.

வருவாளோ மாட்டாளோ, அவளுக்காகத்தான் விதைத்தார். சின்ன வயதில் "பொம்மைக்கோஸ், பொம்மைக்கோஸ்" என்று குதித்துக்கொண்டு தின்றவள்.

போன வாரம் கடிதம் வந்தது. 'ஞாயிறு காலை வருகிறேன். மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.' அவ்வளவுதான். நம்பர் எழுதவில்லை.

இன்றைக்குப் புதன். இப்போது போய் இது கசந்து தொலைக்கிறது.

சாயங்காலம் தோட்டத்துக்கு ஓடினார். மார்கழி மாதம், பள்ளத்தில் உறைபனி இறங்கும். பனி பட்டால் செடி கருகிவிடும் என்று இருபது செடிக்கும் தினமும் சாக்குப் போர்த்திவிடுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

சாக்கைக் காணோம்.

தேடிக்கொண்டு போனால், மாட்டுக்கொட்டகையில் பசுவின் முதுகில் மலைபோல் ஏறியிருக்கிறது. அது திருதிருவென்று முழித்தது. பக்கத்தில் அம்மா.

"அம்மா, சாக்கு..."

"மாட்டுக்குக் குளிருது."

"இருபது சாக்குமா?"

"கன்னுக்குட்டியும் இருக்குல்ல."

அறைக்கு ஓடித் தன் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வழியில் நின்றார்.

"அது எனக்கு வேணும்."

கொடுத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கப் போனார். அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக இறங்கிவிட்டது.

வியாழன் விடிந்ததும் பார்த்தார். உப்பை அள்ளிக் கொட்டியதுபோல் இலையெல்லாம் வெள்ளை. வெள்ளியும் அப்படித்தான். சனிக்கிழமை தோட்டத்துப் பக்கமே போகவில்லை. சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை பையைத் தூக்கிக்கொண்டார்.

"எங்கே?" என்றார் அம்மா.

"கடைக்கு. உருளைக்கிழங்காவது வாங்கிட்டு வரேன். என் பொண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு வரா. அஞ்சு மாசம் வளர்த்ததை மூணு நாள்ல கொன்னுட்டீங்களே! உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

அம்மா செடிப் பக்கம் நடந்தார். ஒன்றைக் கிள்ளி, பனியைத் துடைத்து, அவர் வாயருகே நீட்டினார்.

வேண்டாவெறுப்பாகக் கடித்தார்.

இனித்தது.

இன்னொன்றைப் பறித்துக் கடித்தார். அதுவும் இனித்தது. பனி கொல்லவில்லை, இனிப்பாக்கியிருக்கிறது. அடுத்த செடிக்கு ஓடினார்.

"எல்லாத்தையும் நீங்களே தின்னுடாதீங்க. பொண்ணுக்கு வேணும்" என்றார் அம்மா.

இரும்புச்சட்டியில் கடுகு வெடித்தது. மூர்த்தி காயை இரண்டாக நறுக்கிப் போட்டார். உடனே அடுத்த கவலை. வேகாவிட்டால் வயிற்றுக்கு ஆகாது. குழைந்தால் நாறும்.

"எவ்வளவு நேரம் வேகணும்மா?"

"உங்க மனசு 'இன்னும் கொஞ்சம்'னு சொல்லும்."

"சொன்னா?"

"அப்ப இறக்கிடுங்க."

செண்பகா பத்து மணிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஏன் இளைத்தாய் என்று கேட்க வாய் துடித்தது. பொரியலை எடுத்து வைத்தார்.

முதலில் ஒன்றை எடுத்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொம்மைக்கோஸ்" என்றாள், வாயில் வைத்துக்கொண்டே. கண் நிறைந்துவிட்டது. இவர் தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். அரைமணி நேரம். அவருடைய தொண்டைவரை ஏறி நின்றன எல்லாம். வளைவில் தலை சுத்தும், கண்ணை மூடிக்கோ. ஜன்னல்ல கையை வெளியே நீட்டாதே. நம்பரைக் கொடு. தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை. நம்பரை மட்டுமாவது கொடும்மா.

பஸ் வந்தது. ஏறினாள்.

கேட்டுவிடு, கேட்டுவிடு என்றது மனசு. இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு வார்த்தை.

மூர்த்தி வாயை மூடிக்கொண்டார். பிறகு, "போயிட்டு வாம்மா" என்றார்.

அவள் படியில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். வேறு ஏதோ வரும் என்று காத்திருந்தவள்போல் ஒரு நிமிஷம் நின்றாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

பஸ் நகர்ந்து வளைவை நெருங்கியது. ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. ஒரு கையும் நீண்டது.

"அப்பா! உங்க நம்பர் பழசுதானே? போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்!"